ரயில்வேயை விற்றுவிட்டார்களா? எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்போம்

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி பக்கம் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் ரயில்வே பேச்சு காதில் விழாமல் போகாது. அப்பா கேரேஜ் ஒர்க்ஸ், மாமா லோகோ ஒர்க்ஸ், பக்கத்து வீட்டு அண்ணன் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப் என்று குடும்பம் குடும்பமாக ரயில்வேயை நம்பி வளர்ந்த வட்டாரம் இது. அதனால் இங்கே இது வெறும் அரசியல் பேச்சாக நிற்பதில்லை. பென்ஷன், குவார்ட்டர்ஸ், அப்ரண்டிஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன் எல்லாமே அதில் கலந்திருக்கிறது.

அந்தப் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "ரயில்வேயை வித்துட்டாங்கப்பா." இன்னொன்று, "கவர்மென்ட் கையில இருந்தா எதுவும் உருப்படாது, பிரைவேட்டுக்குக் குடுத்துடணும்." இரண்டையும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரு தரப்பும் ரயில்வேயை ஒரே கைமாற்றில் விற்கவோ வாங்கவோ முடிகிற ஒற்றைச் சொத்தாக நினைத்துப் பேசுகிறது. பாதை ஒருவருடையதாக, வண்டி இன்னொருவருடையதாக, ஓட்டுகிறவர் மூன்றாமவராக இருக்க முடியும். பல நாடுகளில் அப்படித்தான் இருக்கிறது. நம் ஊரிலேயே ஓரளவு இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எந்தச் செய்திக்குக் கவலைப்பட வேண்டும், எது தலைப்புக்காக ஊதியது என்று சொல்ல முடியும்.

## காசிமேட்டில் எது யாருடையது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகமும் அலைத்தடுப்பும் படகு கட்டும் தளமும் அரசு போட்டவை. விசைப்படகு தனியார் ஓனருடையது. கடலுக்குப் போகிற ஆட்களுக்குப் பிடித்த மீனில் பங்கு. மீன் கரைக்கு வந்ததும் ஏலம். அந்த விலையை அரசு வைப்பதில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது என்பது அரசு உத்தரவு. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை அரசிடமிருந்து வருகிறது. படகு டீசலுக்கு வரிச் சலுகையும் உண்டு.

இப்போது "காசிமேடு அரசுடையதா, தனியாருடையதா?" என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எதைக் கேட்கிறாய், கரையையா, படகையா, விலையையா என்று திருப்பிக் கேட்போம். ரயில்வேக்கும் அதே பதில்தான். பாதை யாருடையது, வண்டி யாருடையது, ஓட்டுகிறவர் யாருடைய ஆள், கட்டணத்தையும் நேரத்தையும் யார் வைக்கிறார், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் அதுதான் முதலில் கேட்க வேண்டியது.

## கேட் போட்டிருக்கும்போது பார்க்கக் கிடைப்பது

கொருக்குப்பேட்டை கேட்டில் கன்டெய்னர் சரக்கு வண்டி போகும்போது வெறுமனே ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்னால் இழுக்கும் எஞ்சின் இந்திய ரயில்வேயுடையது. உள்ளே இருக்கும் லோகோ பைலட் ரயில்வே ஊழியர். பெட்டிகளைத் தாங்கும் தட்டை வேகன் கான்கார் நிறுவனத்துடையதாக இருக்கலாம், இல்லையென்றால் தனியார் கன்டெய்னர் நிறுவனம் ஒன்றுடையதாக இருக்கலாம். மேலே உட்கார்ந்திருக்கும் நீலம், சிவப்புப் பெட்டிகள் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுடையவை. உள்ளே இருக்கும் சரக்கு ஏதோ ஒரு தொழிற்சாலைக்காரருடையது. கீழே தண்டவாளமும் சிக்னலும் ரயில்வேயுடையவை.

தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் டிப்போ வைத்திருக்கும் கான்கார், பங்குச் சந்தையில் பட்டியலான அரசு நிறுவனம். அதில் பாதிக்கும் சற்று அதிகமான பங்கு மத்திய அரசிடம், மீதி மற்ற முதலீட்டாளர்களிடம். 2006 வாக்கில் தனியார் நிறுவனங்களும் கன்டெய்னர் ரயில் நடத்த அனுமதி வாங்கின. ஆக, கண் எதிரே போகும் ஒரே வண்டியில் அரசு, அரைகுறை அரசு, தனியார், வெளிநாடு எல்லாம் ஒன்றாக உருண்டு போகின்றன. இது இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது. இதைப் பார்த்து யாரும் ரயில்வேயை விற்றுவிட்டார்கள் என்று சொன்னதில்லை.

பயணிகள் வண்டி விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்கு பாரத் கௌரவ் திட்டத்தில் ஒரு வண்டி புறப்பட்டது. "முதல் தனியார் ரயில்" என்று செய்தி வந்தது, போராட்டமும் நடந்தது. அங்கே நடந்தது என்னவென்றால், ஒரு தனியார் நிறுவனம் ரயில்வேயிடம் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்து, பாதைக்கும் எஞ்சினுக்கும் பணம் கட்டி, சுற்றுலா வண்டியாக நடத்தியது. கட்டணம் அவர்கள் வைத்தது, ஓட்டியவர் ரயில்வே ஊழியர். தேஜஸ் எக்ஸ்பிரஸ் பெயரிலும் இதே குழப்பம். 2019 மார்ச்சில் தொடங்கிய எழும்பூர்–மதுரை தேஜஸை ரயில்வேயே நேரடியாக நடத்துகிறது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெல்லி–லக்னோ தேஜஸை நடத்துவது, ஆன்லைன் டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம். அதிலும் 60 சதவீதத்துக்கு மேல் பங்கு மத்திய அரசிடம்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரயில்வேயில் பாதை, வண்டி, ஓட்டுநர், கட்டணம், நஷ்டம் என்று பல அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொருவர் கையில் இருக்கலாம். ஒரு செய்தியைப் படிக்கும்போது எந்த அடுக்கு கைமாறுகிறது என்று முதலில் தேட வேண்டும்.

## பாதை மட்டும் ஏன் தனி ரகம்?

காசிமேட்டு உதாரணம் ஓர் இடத்தில் நின்றுவிடும். கடலில் இடம் அகலம். ஒரு படகு இன்னொரு படகைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தண்டவாளத்தில் அது நடக்காது. ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும் என்பதே ரயில் பாதுகாப்பின் அடிப்படை. பின்னால் வருவது முந்த வேண்டும் என்றால் முன்னால் போவதை ஸ்டேஷனில் ஒதுக்கி நிறுத்தியாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி லைனில் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல்கத்தா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், துறைமுகத்துச் சரக்கு வண்டி, நிலக்கரி ஏற்றிய வண்டி, நம் எலெக்ட்ரிக் ட்ரெயின் எல்லாம் ஒரே வழித்தடத்தில் வரிசையில் நிற்கின்றன. யாருக்கு முதலில் சிக்னல் விழும் என்பதை ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு கையில் இருப்பவர்தான் அந்தப் பாதையின் உண்மையான எஜமான்.

சரி, போட்டிக்கு இன்னொரு கம்பெனி பக்கத்திலேயே புதுத் தண்டவாளம் போடட்டும் என்றால்? வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் எத்தனை வீடுகளை இடிப்பது? அவ்வளவு பணம் போட்டு இரண்டாவது பாதை போட்டாலும், இருக்கிற பயணிகளை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு இரண்டும் நஷ்டமாகும். இப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால் கட்டுப்படியாகாத தொழிலைப் பொருளியலில் இயற்கை முற்றுரிமை என்பார்கள். குடிநீர்க் குழாய், மின் கம்பி, ரயில் பாதை எல்லாம் இந்த வகை. முற்றுரிமை தனியார் கையில் இருந்தால் அவர் வைத்ததே விலை. அரசு கையில் இருந்தால் குறைந்தபட்சம் ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்கலாம். பாதை பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். வண்டி விஷயத்தில் எனக்கு அந்தப் பிடிவாதம் இல்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான பாதைகள் தனியார் சரக்கு ரயில் கம்பெனிகளுடையவை. 1971-ல் அரசு ஆதரவில் தொடங்கிய ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனம், பெரும்பாலும் அந்தக் கம்பெனிகளுக்குப் பணம் கட்டித்தான் வண்டி விடுகிறது. அங்கே சரக்குப் போக்குவரத்து வலுவாக இருக்கிறது. பயணிகள் வண்டி சரக்கு வண்டிக்குக் காத்து நிற்பது அங்கே நெடுநாள் தகராறு.

## ராயபுரத்தில் தொடங்கியதே கம்பெனி ரயில்

"தனியார் ரயில்" ஏதோ இப்போதுதான் வந்த யோசனை என்று நினைப்பவர்கள் ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். சிவப்பும் வெள்ளையுமாக, உயரமான தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடம், துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களிலேயே பழையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர். அந்த ரயிலை நடத்தியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய தனியார் கம்பெனி அது.

அந்தப் பங்கை வாங்கியவர்கள் எந்த நம்பிக்கையில் வாங்கினார்கள் என்பதுதான் முக்கியம். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளோடு அரசு போட்ட ஒப்பந்தப்படி, போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வருமானம் கட்டாயம் உண்டு. நிலம் இலவசம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் பற்றாக்குறையை இந்திய வரிப்பணத்திலிருந்து அரசு கொடுக்கும். இதற்கு உத்தரவாத முறை என்று பெயர். விளைவை ஊகிக்கலாம். எவ்வளவு செலவு செய்தாலும் 5 சதவீதம் வரும் என்றால் செலவைக் குறைக்க யாருக்கு அவசரம்? லாபம் லண்டனுக்கு, நஷ்டம் இங்கே நிலவரி கட்டிய விவசாயிக்கு. இந்திய தேசியவாதிகள் பல பத்தாண்டுகள் இதை எதிர்த்தார்கள்.

அதன் பிறகு நடந்தது ஒரே நாளில் நடக்கவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். 1908-ல் மெட்ராஸ் ரயில்வே இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆனது, பெரியவர்கள் எம்.எஸ்.எம். என்பார்கள். அப்போது பாதை அரசின் சொத்து, நடத்தியது கம்பெனி. அதாவது இன்று புதுமை என்று பேசப்படும் ஏற்பாடு. 1920-21-ல் ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழு, ரயிலை அரசே நடத்தட்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1924-ல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் வந்தது. 2017-ல் அது பொது பட்ஜெட்டோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. எம்.எஸ்.எம். நிர்வாகம் 1944-ல் அரசு கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது.

ராயபுரத்து வரலாறு சொல்வது இவ்வளவுதான்: பெயர்ப்பலகையில் கம்பெனி பெயர் இருந்தது, ஆபத்து மட்டும் பொதுமக்கள் கணக்கில் இருந்தது. இன்றைக்கு எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதில் 'குறைந்தபட்ச வருமானத்துக்கு அரசு உத்தரவாதம்' என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

## கம்பெனி ஆக்குவது வேறு, விற்பது வேறு

2019-ல் ஐ.சி.எஃப் வாசலில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு போராடியது பெரம்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த அந்தத் தொழிற்சாலை, ரயில்வே அமைச்சகத்தின் நேரடிப் பிரிவு. அதற்கென்று தனிக் கம்பெனி கிடையாது, பங்கு கிடையாது. ரயில்வேயின் எல்லா உற்பத்திப் பிரிவுகளையும் சேர்த்து அரசுக்குச் சொந்தமான கம்பெனியாக மாற்றலாம் என்ற யோசனைதான் அப்போது வந்தது.

இதை நிறுவனமயமாக்கல் என்பார்கள். அரசுத் துறையாக இருந்ததை, தனிக் கணக்கும் இயக்குநர் குழுவும் கொண்ட கம்பெனியாகப் பதிவு செய்வது. உரிமையாளர் அப்போதும் அரசுதான். ஜெர்மனியின் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் 1994-லிருந்து இப்படி ஒரு கம்பெனி, 100 சதவீதம் அரசுடையது. நம் சென்னை மெட்ரோவும் கம்பெனிதான். மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் சமபங்குக்காரர்கள். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு நீண்ட மெட்ரோவில் ஏறுகிறவர்கள் யாரும் தனியார் ரயிலில் போவதாக நினைப்பதில்லை.

அப்படியானால் ஐ.சி.எஃப் தொழிலாளர்கள் பயந்தது தவறா? இல்லை. கம்பெனி ஆனால் பங்கு உருவாகிறது. பங்கு உருவானால் அதைப் பிறகு விற்க முடியும். துறையாக இருக்கும்வரை அந்தக் கதவே கிடையாது. சேர்பவர்களின் வேலை நிபந்தனையும் மத்திய அரசு ஊழியருக்குரியதாக இருக்காது. விற்பதற்கு முந்தைய படி என்று அவர்கள் அதைப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் முந்தைய படியும் விற்பனையும் ஒன்றல்ல; எதிர்ப்பவர்களும் இந்த வித்தியாசத்தோடு பேசினால்தான் அவர்கள் வாதம் நிற்கும்.

இன்னும் சத்தமில்லாமல் நடக்கும் வகை ஒன்று உண்டு: ஒப்பந்தம். சொத்து, வண்டி, கட்டணம் எல்லாம் அரசிடமே இருக்கும். வேலையை மட்டும் வெளியே கொடுப்பார்கள். பெட்டி துப்புரவு, படுக்கை விரிப்புச் சலவை, பார்க்கிங் எல்லாம் பல இடங்களில் இப்படித்தான். யாரும் இதைத் தனியார்மயம் என்று தலைப்புப் போடுவதில்லை. ஆனால் வட சென்னைக் குடும்பங்களைக் கேட்டால், நிரந்தர வேலை ஒப்பந்தக் கூலியாக மாறியதுதான் அவர்கள் வாழ்க்கையில் உடனடியாகத் தெரிந்த மாற்றம்.

ஒருமுறை சேர்த்துப் பார்த்தால்: துறையைக் கம்பெனி ஆக்கலாம், கம்பெனியின் பங்கை விற்கலாம், வண்டி ஓட்டும் உரிமையைச் சில ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம், வேலையை மட்டும் ஒப்பந்தத்தில் விடலாம். நான்கையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பேச்சு குழம்புகிறது.

## 5 ரூபாய் டிக்கெட்டின் மீதியை யார் கட்டுகிறார்கள்?

எலெக்ட்ரிக் ட்ரெயினில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பயணிகளை ஏற்றிச் செல்ல ரயில்வேக்கு ஆகும் செலவில் சராசரியாகப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் டிக்கெட்டில் திரும்ப வருகிறது. இதை ரயில்வேயே டிக்கெட்டில் அச்சடித்துச் சொல்லியிருக்கிறது. புறநகர் வண்டிகளில் இன்னும் குறைவு.

மீதி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சரக்கிலிருந்து. சரக்குக்குக் கூடுதலாக வாங்கி அதைப் பயணிகள் பக்கத்துக்குத் திருப்புகிறார்கள். இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர். சரக்கில் முதல் இடம் நிலக்கரிக்கு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியில் ஒரு பகுதி ரயிலில் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. அதன் கூலி மின்சாரம் தயாரிக்கும் செலவில் சேர்கிறது. ஆக, திருவொற்றியூர் அக்கா 5 ரூபாயில் பீச் ஸ்டேஷனுக்கு வருகிறார் என்றால், மீதியை எங்கோ ஒரு மின் கட்டணம் கொஞ்சமாவது சுமக்கிறது. காசு எங்கும் மாயமாக வருவதில்லை.

இங்கேதான் தனியார் விவாதத்தின் நிஜமான சிக்கல் இருக்கிறது. தனியார் நிறுவனம் கும்மிடிப்பூண்டி லோக்கலைக் கேட்டு வராது. லாபம் வரும் தடத்தை, வருமானமுள்ள ஏ.சி. பயணியை, நல்ல கூலி தரும் கன்டெய்னரைக் கேட்டுத்தான் வரும். அது அவர்கள் குற்றமில்லை, தொழில் அப்படி. ஆனால் லாபத் தடங்கள் போய்விட்டால் அவற்றிலிருந்து நஷ்டத் தடங்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிடும். அப்போது அரசுக்கு இரண்டு வழிதான்: கட்டணத்தை ஏற்றுவது, இல்லையென்றால் பட்ஜெட்டிலிருந்து வெளிப்படையாக மானியம் தருவது.

எனக்கு இரண்டாவது வழியில் தப்பு எதுவும் தெரியவில்லை, சொல்லப்போனால் அது நேர்மையானது. ஐரோப்பாவில் பல நாடுகளில், இந்தத் தடத்தில் தினம் இத்தனை வண்டி இந்தக் கட்டணத்தில் ஓட வேண்டும், அதற்கு அரசு இவ்வளவு தரும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார்கள். பொதுச்சேவை ஒப்பந்தம் என்பது இதுதான். ஓட்டுகிறவர் அரசு நிறுவனமாகவும் இருக்கலாம், தனியாராகவும் இருக்கலாம். ஏழைப் பயணிக்கு எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள் என்பது வெளிச்சத்தில் இருக்கும். நம்மிடம் அது சரக்குக் கூலிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருக்கும் மானியத்தை யாரும் கவனிக்காமல் நிறுத்திவிட முடியும் என்பதே என் பயம்.

## பிரிட்டனில் நடந்தது

உலகத்தில் இந்தச் சோதனையை முழுமையாகச் செய்து பார்த்த நாடு பிரிட்டன். அங்கே ரயில்கள் 1948-ல் தேசியமயமாயின. 1993-ல் தனியார்மயச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரே நிறுவனமாக இருந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். பாதையும் சிக்னலும் ரெயில்டிராக் என்ற தனியார் கம்பெனிக்கு. பெட்டிகளும் எஞ்சின்களும் மூன்று குத்தகை நிறுவனங்களுக்கு. வண்டி ஓட்டும் உரிமையைத் தடம் தடமாக ஏலம் விட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். பாதைப் பராமரிப்பை ரெயில்டிராக் வேறு ஒப்பந்தக்காரர்களுக்கு விட்டது.

நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. அதன் பிறகான 25 ஆண்டுகளில் பயணிகள் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. புது வண்டிகள் வந்தன. இதில் எவ்வளவு தனியாரால், எவ்வளவு நாட்டின் பொருளாதாரத்தால் என்று அங்கே இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

கெட்டது 2000 அக்டோபர் 17 அன்று வெளியே தெரிந்தது. ஹாட்ஃபீல்ட் என்ற இடத்தில் வேகமாகப் போன வண்டியின் கீழ் தண்டவாளம் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் நுண்விரிசல் இருந்தது முன்பே தெரியும், மாற்றவில்லை. அதைவிட அதிர்ச்சி, வேறு எங்கெல்லாம் இப்படி விரிசல் இருக்கிறது என்ற முழுக் கணக்கு ரெயில்டிராக்கிடம் இல்லை. அதனால் நாடு முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள், மாதக்கணக்கில் ரயில் போக்குவரத்து தடுமாறியது. பாதையைத் தினமும் நடந்து பார்க்கும் ஆளுக்கும் (நம் ஊரில் கீமேன்) பணத்தை முடிவு செய்யும் ஆளுக்கும் நடுவில் அத்தனை கம்பெனிகள் வந்துவிட்டன. கீமேன் சொல்வது மேலே போய்ச் சேர எத்தனை கை மாற வேண்டும் என்று ரயில்வேயில் வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

ரெயில்டிராக் 2001-ல் நிதி நெருக்கடியில் விழுந்தது. 2002-ல் பாதை, லாப நோக்கமில்லாத நெட்வொர்க் ரெயில் அமைப்பிடம் போனது. 2014-ல் அது அரசுத் துறைக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. ஆக, 'பிரிட்டனில் ரயில் தனியார்' என்று நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் பாதை தனியாரிடம் இல்லை.

வண்டி ஓட்டும் உரிமையிலும் ஒரு பாடம் உண்டு. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கரைத் தடத்தை எடுத்த நிறுவனங்கள், பயணிகள் பெருகுவார்கள் என்று கணக்குப் போட்டு அரசுக்குப் பெரிய தொகை தர ஒப்புக்கொண்டன. அவ்வளவு வருமானம் வரவில்லை. 2009-ல் ஒரு நிறுவனம் விலகியது, 2018-ல் இன்னொன்றின் ஒப்பந்தமும் பாதியில் முடிந்தது. இரண்டு முறையும் அரசுதான் வண்டியை ஓட்டியது. ரயிலை நிறுத்திவிட்டுப் போக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கடைசிச் சுமை எப்போதும் அரசிடம் வந்து சேரும். டெல்லி விமான நிலைய மெட்ரோவிலும் இதே கதை: தனியார் நிறுவனம் விலகியதும் 2013 ஜூலை 1 முதல் டெல்லி மெட்ரோ எடுத்து நடத்தியது.

கொரோனா வந்ததும் 2020-ல் பிரிட்டனின் ஏல முறையே கைவிடப்பட்டது. 2024-ல் பயணிகள் ரயிலைப் பொது உடைமைக்குத் திருப்பும் சட்டம் நிறைவேறியது. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அப்படி அரசிடம் வந்த முதல் நிறுவனமானது. சரக்கு ரயில்களும் பெட்டிக் குத்தகையும் இன்னும் தனியாரிடம்தான்.

## ஜப்பானைக் காட்டுகிறவர்களுக்கு

ஜப்பான் 1987-ல் தன் தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் கம்பெனிகளாகவும் ஒரு சரக்குக் கம்பெனியாகவும் பிரித்தது. பிரிட்டன் போலப் பாதையையும் வண்டியையும் வெட்டவில்லை. ஒவ்வொரு பயணிகள் கம்பெனியும் தன் வட்டாரத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டது. டோக்கியோ, ஒசாகா பக்கத்துக் கம்பெனிகள் நன்றாகச் சம்பாதித்து முழுத் தனியார் ஆயின. ஸ்டேஷனைச் சுற்றிக் கடை, ஓட்டல், அலுவலகக் கட்டடம் என்று அவர்களுக்கு வருமானம் பலவழி.

ஆனால் கதையின் மறுபாதியும் உண்டு. பழைய ரயில்வேயின் சுமார் 37 லட்சம் கோடி யென் கடனில் பெரும்பகுதியைப் புதுக் கம்பெனிகள் தலையில் வைக்கவில்லை. கடைசியில் அது பொதுமக்கள் பணத்தில் வந்து நின்றது. மக்கள் குறைவாக வாழும் ஹொக்கைடோ, ஷிகோகு தீவுகளின் கம்பெனிகள் இன்றும் அரசு அமைப்பின் கையில் இருக்கின்றன; ஹொக்கைடோவில் பல கிளைத் தடங்கள் மூடப்பட்டுவிட்டன. கூட்டமுள்ள நகரத்தில் தனியார் ஜெயிக்கலாம். ஆளில்லாத ஊருக்கு ரயில் வேண்டுமென்றால் அரசு வேண்டும்.

## நடுவர் இல்லாத ஆட்டம்

நம்மிடம் ரயில்வே அமைச்சகமே விதி போடுகிறது, கட்டணம் வைக்கிறது, வண்டி ஓட்டுகிறது, புகாரையும் கேட்கிறது. பாதுகாப்பு ஒன்றுக்குத்தான் வெளியாள் உண்டு: ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. விபத்தை விசாரிக்கிறவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். கட்டணத்துக்கும் சேவைத் தரத்துக்கும், யாருக்கு எப்போது பாதை கிடைக்கும் என்பதற்கும் அப்படி ஒருவர் இல்லை. மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் இருப்பதுபோல் ரயிலுக்கும் ஒழுங்குமுறை ஆணையம், அதாவது நடத்துகிறவரிடமிருந்து விலகி நின்று விதியையும் விலையையும் மேற்பார்க்கும் அமைப்பு வேண்டும் என்று 2015-ல் பொருளியலாளர் பிபேக் தேப்ராய் தலைமையிலான குழு சொன்னது. கணக்கு வழக்கைத் தடம்வாரியாகத் தெளிவாக்குங்கள் என்றும் சொன்னது. 2017 ஏப்ரலில் அப்படி ஓர் ஆணையத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிறகு அது நடைமுறைக்கு வரவில்லை.

2020 ஜூலையில் 109 தடங்களில் 151 தனியார் ரயில்களுக்கு அழைப்பு விட்டார்கள். ரயில்வே முழுதும் போய்விடும் என்று ஒரு பக்கம் பயம், இனி விமானம் மாதிரி வண்டி வரும் என்று இன்னொரு பக்கம் எதிர்பார்ப்பு. கடைசியில் விலை கேட்டு வந்தவை இரண்டே நிறுவனங்கள், அதில் ஒன்று ஐ.ஆர்.சி.டி.சி. திட்டம் அப்படியே நின்றது. முதலீட்டாளர்கள் தயங்கியதற்கு அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பாதைக்குச் சொந்தக்காரரும் போட்டிக்கு வண்டி ஓட்டுகிறவரும் ரயில்வேயே, தகராறு வந்தால் போய் நிற்க ஓர் இடமில்லை என்பது. கும்மிடிப்பூண்டி லைன் சீசன் டிக்கெட்காரருக்கும் அதே குறைதான். காலை எட்டரை மணி வண்டி ஏன் தினமும் ஒதுக்கப்படுகிறது, இந்த லைனில் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, கூடுதல் வண்டி விட எது தடை என்று கேட்டால் எழுத்தில் பதில் தரக் கடமைப்பட்ட, ரயில்வேக்கு வெளியே இருக்கும் அலுவலகம் ஒன்று வேண்டும். 2017-ல் ஒப்புதல் கிடைத்த அந்த ஆணையத்தை அமையுங்கள் என்று கேட்பதற்கு ரயில்வே அரசிடம் இருக்க வேண்டும் என்பவரும் தனியாரிடம் போக வேண்டும் என்பவரும் சேர்ந்தே கையெழுத்துப் போடலாம்.